மலைச்சாலையில் ஜீப்புக்கு ஜாக்கி போடுவது

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன் நான். கீழ்நாட்டிலிருந்து தார், கூர்க்கா என்று பெரிய வண்டிகளில் வருகிற தம்பிகள் பஞ்சர் ஆனதும் முதலில் ஜாக்கியைத்தான் தேடுகிறார்கள். வண்டியைத் தூக்குவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 5 டன் பாட்டில் ஜாக்கி இருந்தால் பள்ளிக்கூடப் பையன்கூடத் தூக்கிவிடுவான். தூக்கிய வண்டி உருளாமல் நிற்க வேண்டும், மலையில் அதுதான் வேலை. ஆகவே ஜாக்கியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.

டயர் இறங்கிய இடத்திலேயே நிறுத்தக் கூடாது. ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே உள்ள கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுகூட ஜாக்கி போடத் தகுந்த இடம் இல்லை. நடந்து போகும் வேகத்தில் வண்டியை உருட்டி, சமமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். டயர் கிழியும், ரிம்மும் அடிபடலாம். போனால் போகட்டும். இலை எடை போடும் கொட்டகைக்கு முன்னால், பஸ் ஒதுங்கும் இடத்தில், கோயில் வாசலில் எல்லாம் பெரும்பாலும் சமதரை கிடைக்கும். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் நட்டு கழற்ற வேண்டும் என்றால், இன்னும் கொஞ்சம் உருட்டுங்கள். தோட்டத்து மண்பாதையிலும் வேண்டாம். மழை விட்டபின் அந்தச் செம்மண் வெண்ணெய் மாதிரி வழுக்கும், வண்டியின் கனத்தில் ஜாக்கியும் உள்ளே இறங்கிவிடும்.

ஆட்களை எல்லாம் இறக்கி மேட்டுப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். வண்டி ஜாக்கியை விட்டு நழுவினால் பள்ளத்துப் பக்கம்தான் போகும். வண்டிக்குள் குழந்தை தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்று சொல்வார்கள். எழுப்புங்கள். சுமை இருந்தால் அதையும் இறக்குங்கள். இலை மூட்டைகளை இறக்கி மறுபடி ஏற்றுவது சலிப்புதான், ஆனாலும் அந்தக் கனத்தோடு தூக்கக் கூடாது. சாயங்காலத்துக்கு மேல் என்றால் குனிவதற்கு முன் தேயிலைச் செடிகளுக்குள் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் காட்டெருமையும் கரடியும் சாதாரணமாக நடமாடும்.

இப்போது ஹேண்ட் பிரேக். இதைத்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். அநேக வண்டிகளில் அது பின்சக்கரம் இரண்டையும் மட்டும் பிடிக்கும். முன்சக்கரத்தைத் தூக்கினால் கவலை குறைவு. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், மிச்சமிருக்கும் ஒரே சக்கரம்தான் மொத்த வண்டியையும் பிடித்து நிற்க வேண்டும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் இன்னும் மோசம். அவற்றின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, கியர்பாக்ஸுக்குப் பின்னால் பின்பக்கம் போகும் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். ஷாஃப்ட் நின்றாலும் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி இரண்டு சக்கரங்களையும் தனித்தனியே சுழல விடும். அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும், வண்டி நகர்ந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான்.

இதற்கு வழி ஃபோர் வீல், அதாவது நாலு சக்கரத்தையும் எஞ்சினோடு இணைப்பது. அதில் மெதுவான ஃபோர் லோ போட்டு, ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியரிலும், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸிலும் விட்டு எஞ்சினை நிறுத்துங்கள். அப்போது முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் லாக் செய்யும் வண்டி என்றால் அதை லாக் செய்தால்தான் பலன். ஸ்டியரிங்கை மேட்டுச்சுவர்ப் பக்கம் ஒடித்து வையுங்கள். உருண்டாலும் சுவரில் முட்டி நிற்கும்.

அப்புறம் கட்டை. தூக்காத சக்கரங்களுக்கு இறக்கத்துப் பக்கம் இறுகக் கொடுத்து, மறுபக்கமும் ஒன்று வையுங்கள். சாலையோரத்தில் கிடைக்கும் உருண்டைக் கல் தார் ரோட்டின் மேல் டயரோடு சேர்ந்து உருளும். நான் கற்பூர மரத்துண்டை (யூகலிப்டஸ்) ஆப்பு மாதிரி சாய்வாக அறுத்து, இரண்டு ஜோடி சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கியபின் ஸ்பேனரில் ஏறி மிதித்தால் வண்டி ஆடும். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் இடப்பக்கச் சக்கரத்துக்கு எதிர்மரை நட்டு, அதாவது எதிர்த்திசையில் சுற்றிக் கழற்றும் நட்டு இருக்கலாம். வரவில்லையே என்று ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

சரி, ஜாக்கி. அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் குறையாத தடித்த பலகை. செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வேண்டாம், திடீரென்று உடையும். பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டை ஒட்டி, அச்சுக் குழாயின் அடியில் ஜாக்கியை நிறுத்துங்கள். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் வைத்தால் ஸ்பிரிங் விரிந்து முடியும்வரை சக்கரம் எழும்பாது, அதுவரை வண்டி வீணாக உயர்ந்துகொண்டே போகும். தார் வண்டிக்கு முன்னால் நேர் அச்சு கிடையாது, கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். காற்று இறங்கி அச்சு தாழ்ந்துபோய் பாட்டில் ஜாக்கி உள்ளே நுழையவில்லை என்றால், கட்டை கொடுப்பதற்கு முன்பே அந்தச் சக்கரத்தை ஒரு பலகை மேல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் தூக்கி நிறுத்துங்கள். தள்ளி நின்று பாருங்கள். ஜாக்கி செங்குத்தாக இருக்கிறதா, பலகை ஒருபக்கம் அமுங்குகிறதா? சாய்ந்திருந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள், தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். டயர் தரையை விட்டதும் ஸ்டெப்னியைப் படுக்கை வாட்டில் சேஸிஸுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பழைய சக்கரம் கழன்றதும் அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும். கையோ தலையோ அடியில் போகக் கூடாது, விழுந்த நட்டைக்கூடக் குச்சியால் இழுங்கள்.

பம்பரில் மாட்டும் உயரமான ஹை லிஃப்ட் ஜாக்கியைச் சிலர் அழகுக்காகவே கட்டிக்கொண்டு வருகிறார்கள். சேற்றில் புதைந்த வண்டிக்கு அது நல்லது. டயர் மாற்ற எனக்குப் பிடிக்காது. வண்டி பக்கவாட்டில் ஆடும், கைப்பிடி விடுபட்டால் தாடையைப் பெயர்த்துவிடும்.

நட்டுகளை எதிரெதிராகக் கையால் ஏற்றி, வண்டியை மெதுவாக இறக்கி, தரையில் வைத்து இறுக்குங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறீர்கள் என்றால் சுமார் 33 கிலோமீட்டர், கீழே போனதும் டீ குடிக்க நிறுத்தி இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.

கிளம்பும்போது சக்கரத்துக்குக் கொடுத்த கல்லையும், எச்சரிக்கைக்காக ரோட்டில் போட்ட கல்லையும் கிளைகளையும் எடுத்து ஓரத்தில் போடுங்கள். இதைச் செய்யாமல் போகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. மூடுபனியில் பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு அந்தக் கல் தெரியவே தெரியாது.