லாப்ஸ் ஆன பாலிசியை உயிர்ப்பித்த கதை

என் வீட்டுக்காரரின் டேர்ம் பாலிசிக்கு (காப்பீட்டுக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு) வருடப் பிரீமியம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. கணக்கை மாற்றினோம், இதை மறந்தோம். நினைவூட்டல் கடிதங்கள் பழைய முகவரிக்குப் போயிருக்கின்றன. பிரீமியம் கட்டாமல் பாலிசி லாப்ஸ் ஆகிவிட்டது, அதாவது செயலிழந்துவிட்டது என்று ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தவணை தவறிய மறுநாளே காப்பீடு போய்விடாது. வருட, அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு 30 நாள், மாதத் தவணைக்கு 15 நாள் சலுகை உண்டு. அதற்குள் ஏதாவது நேர்ந்தால் பாக்கியைக் கழித்துக்கொண்டு தொகையைத் தருவார்கள். அந்த நாட்களும் தாண்டினால் டேர்ம் பாலிசியில் பாதுகாப்பு அடியோடு நின்றுவிடும். சேமிப்புப் பாலிசி என்றால், சில வருடம் கட்டியிருந்தால், குறைந்த தொகையாவது மிஞ்சும்.

யூலிப் (பிரீமியத்தின் ஒரு பகுதியைச் சந்தையில் முதலீடு செய்யும் பாலிசி) அல்லாத பாலிசியை, கட்டத் தவறிய முதல் தவணையிலிருந்து 5 ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம். கிளைக்குப் போனோம். பாக்கி, வட்டி, உடல்நல உறுதிமொழிப் படிவம். இடையில் அவருக்குச் சர்க்கரை வந்திருந்தது. "அதை எழுதாதீங்க மேடம்" என்றார் முகவர். நான் எழுதினேன். காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி, புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி 3 ஆண்டு பாலிசி செல்லுமா என்று காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பலாம். மறைத்துவிட்டு நாளைக்கு நானும் பிள்ளைகளும் அலைவதா?

ரத்தப் பரிசோதனை செய்தார்கள், பிரீமியம் கொஞ்சம் கூடியது. புதுப்பித்த கடிதம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக முகவரியையும் கைபேசி எண்ணையும் மாற்றினேன்.