டாக்டர் விட்டுப்போன பெட்டிகள்: கலைக்காமல் ஆவணமாக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப்புற ஊர். நரம்புக் கோளாறும் மனநோயும் சேர்த்துப் பார்த்த ஒரு டாக்டரின் காகிதங்கள் கடைவீட்டு மாடியில் பத்துப் பதினைந்து பெட்டிகளில் கிடக்கின்றன, சாவி உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் எதையும் அடுக்க வேண்டாம்.

1. கிடந்தபடியே படம்

ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, மூடியைத் திறந்ததும் மேலிருந்து படம் எடுங்கள். ஒரு கட்டைத் தூக்கினால் அடியில் தெரிவதையும் எடுங்கள். தோட்டத்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) எழுதிய சீட்டு, இ.இ.ஜி. எனும் மூளை அலைப் பதிவு, பெரிய ஆஸ்பத்திரியின் பதில் கடிதம் மூன்றும் ஒரே உறையில் இருந்தால், டாக்டர் எதைச் சந்தேகித்தார், என்ன தெரியவந்தது என்பதை அந்த வரிசையே சொல்லும். ‘வலிப்பு’ ஒரு கட்டு, ‘மனநோய்’ ஒரு கட்டு என்று பிரிப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கரே ஒரு மனநல மருத்துவர். இவ்விரு துறைகளும் அவ்வளவு சுலபமாகப் பிரிவதில்லை.

2. பூச்சி, பூசணம்

கையுறையும் என்95 முகக்கவசமும் கட்டாயம். பூசணம் பிடித்த தாளை ஈரத்தோடு துடைத்தால் கறை உள்ளே இறங்கும். நிழலில் விரித்து, மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக் காயவிடுங்கள். பூசணம் பொடியாக உதிரும் நிலைக்கு வந்தபின், வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டுங்கள்.

ராமபாணப் பூச்சி இருந்தால், காய்ந்த தாள்களைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, −18 டிகிரி உறைபெட்டியில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் தாள்மேல் நீர் கோத்துவிடும். புகைப்படங்களையும் எக்ஸ்ரே பிலிம்களையும் இதில் சேர்க்க வேண்டாம்.

3. ரப்பர், இரும்பு, டேப்

ரப்பர் பேண்டு நம் ஊர்ப் பால்மரத்துப் பிள்ளைதான், ஆனாலும் தாளுக்கு எதிரி. நாளானால் உருகி ஒட்டிக் கறை வைக்கும். அதற்குப் பதிலாகப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். துருப்பிடித்த கிளிப்பை இழுக்காதீர்கள். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து, கம்பியை நிமிர்த்தி எடுங்கள். பழைய செலோடேப்பை உரிக்கவே வேண்டாம்.

4. இ.இ.ஜி. மடிப்புகள்

பலர் தடுமாறும் இடம் இது. இ.இ.ஜி. தாள் வழக்கமாக நொடிக்கு 30 மி.மீ. ஓடும், 20 நிமிடப் பதிவு 36 மீட்டர் வரும். அது விசிறி மடிப்பில் இருக்கும். நீளமாக இழுத்து விரித்தால் மடிப்பில் கிழியும். இரண்டிரண்டு பக்கமாகப் புத்தகம் போலப் புரட்டிப் படம் எடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வரும் அளவுத்திருத்தக் கோடுகளை வீண் என்று விட்டுவிடாதீர்கள். அலையின் உயரத்தை அளக்க அவைதான் ஆதாரம். ‘கண் மூடினார்’, ‘கை நடுக்கம்’ போன்ற ஓரக் குறிப்புகளும் தெளிவாகப் படத்தில் விழ வேண்டும்.

வழவழப்பான வெப்பத்தாளில் அச்சான இ.சி.ஜி., தொலைநகல் கிடைத்தால் அன்றே படம் எடுங்கள். எழுத்து மங்கிக்கொண்டே போகும். லேமினேட் செய்தால் சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிடும்.

5. நோயாளியின் மானம்

பெயரை மறைத்தால் போதும் என்பது பெரிய ஊருக்குச் சரிவரலாம். ‘கிராணி (தோட்டத்து எழுத்தர்) மகள், மூன்றாம் லயம் (தொழிலாளர் வரிசைவீடு), 1968’ என்றிருந்தால் இங்கே பாதி ஊருக்கு ஆள் தெரியும். 1911இல் மனநல மருத்துவமனை எழுந்த தஞ்சோங் ரம்புத்தான் பெயரையே கேலிக்குச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அங்கே அனுப்பிய ஒரு சீட்டு பேரப்பிள்ளைகள் வரை சுடும். ஆகவே நோயாளித் தாள்களைத் தனி உறையில் மூடி, ‘திறக்க அனுமதி தேவை’ என்று எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணைப் பட்டியலில் ஏற்றாதீர்கள். முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி.

அரசு ஆஸ்பத்திரியின் முத்திரையும் பதிவு எண்ணும் உள்ளவற்றைத் தனியாகக் குறியுங்கள். பொது ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றி அழிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடம்தராது. ஐயம் இருந்தால் எரிக்காதீர்கள்.

6. பட்டியல்

பெட்டி எண், கோப்பு எண், உள்ளடக்கம், ஆண்டுகள், தாள் எண்ணிக்கை, நிலை, பார்க்க அனுமதி: ஏழு பத்திகள் போதும். கோப்பின்மேல் 2பி பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும். மலாய் எழுத்துக்கூட்டலில் ஒரே லெட்சுமியை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். தாளில் உள்ளபடி ஒன்று, தேடுவதற்குச் சீரான வடிவம் ஒன்று என இரண்டையும் குறியுங்கள். பெயர் உள்ள இந்தப் பட்டியலும் பூட்டில்தான் இருக்க வேண்டும்.

7. வைக்கும் அறை

ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூசணம் கிளம்பும். நம் விடிகாலையில் அது சாதாரணமாக 80ஐக் கடக்கும். ஓர் ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள். பகலில் ஏர்கானை ஓட்டி இரவில் நிறுத்துவது ஏர்கானே இல்லாததைவிடக் கெடுதல்: குளிர்ந்த தாள்மேல் இரவின் ஈரக்காற்று படியும். ஈரநீக்கி இயந்திரம் ஒன்று விடாமல் ஓடினால் நல்லது. முடியாவிட்டால் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இரும்புத் தட்டில் வையுங்கள். அலமாரிக் கால்களின் ஓரத்தில் கரையான் மண்கோடு ஏறுகிறதா என்று வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.