பைக் கழுவ இடம் பார்ப்பதில் நடக்கும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக் கழுவ உட்காருகிறவர்களில் பாதிப் பேர் இடம் என்று ஒன்றை யோசிப்பதே இல்லை. குழாய் எங்கே இருக்கிறதோ அங்கே வண்டியை நிறுத்திவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான். எங்கள் வீட்டில் குழாய் இருந்தது போர்ட்டிகோவில். போர்ட்டிகோவுக்கு அடியில்தான் சம்பு, அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி.

சென்னையில் இப்படி அமைந்த வீடுகள் நிறைய. சம்பு மூடி இறுக்கமாக உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். ஆனால் விளிம்பைச் சுற்றி நூல் அளவு இடைவெளி இருந்தால் போதும். ஒருநாள் செயினை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டு நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் அப்பா மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். சம்பைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பியதில் ஆன செலவு அந்த வருட சர்வீஸ் செலவைத் தாண்டிவிட்டது.

அதனால் தண்ணீர் வரும் வழியைவிடப் போகும் வழியை முதலில் பாருங்கள். நிறுத்த நினைக்கும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் தரையே காட்டிக்கொடுத்துவிடும். சம்பு, கிணறு இரண்டின் பக்கமும் ஓடக்கூடாது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: மழைநீர் சேகரிப்புக் குழி. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமானது; பல வீடுகளில் வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டியே ஜல்லி போட்ட குழி இருக்கும். தண்ணீர் சட்டென்று உள்ளே போய்விடுவதால் கழுவ வசதியான இடம் என்று தோன்றும். உள்ளே போவது எண்ணெயும் சோப்பும். அடியில் இருப்பது நம் போர் இறைக்கிற அதே தண்ணீர்.

என்னைக் கேட்டால், வண்டி போக வழி இருந்தால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அங்கே விழுகிற தண்ணீர் சாக்கடைக்குப் போகும்படிதான் பெரும்பாலும் கட்டியிருப்பார்கள். அப்படி இடம் இல்லையென்றால் மண்ணெண்ணெய் வேலைக்குக் கீழே ஒரு பழைய தட்டை வைத்துப் பிடித்துக்கொண்டு, மற்றதை ஈரத்துணியால் துடைப்பதே மேல்.

அடுத்தது வெயில். சீக்கிரம் காயட்டும் என்று வெட்டவெளியில் நிறுத்துவோம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் டேங்க் மேல் துளி துளியாகக் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். சோப்பும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நிழல் வேண்டும். அதற்காகத் தென்னை மரத்தடி வேண்டாம், காரணம் தலைக்கு மேலேயே தொங்குகிறது. ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு சைலன்சரில் தண்ணீர் அடிக்காமல், கை வைத்தால் சுடாத அளவுக்கு எஞ்சின் ஆறும் வரை விடுங்கள்.

தரையும் முக்கியம். வழவழ டைல்ஸில் ஷாம்பு தண்ணீர் ஓடினால் சென்டர் ஸ்டாண்ட் போடும்போது வண்டியும் வழுக்கும், நம் காலும் வழுக்கும். மண் தரையில் ஈரம் ஊற ஊற சைடு ஸ்டாண்ட் மெல்ல இறங்கி, நீங்கள் பக்கெட் நிரப்பிவிட்டு வருவதற்குள் வண்டி படுத்திருக்கும். அடியில் ஒரு பலகைத் துண்டைக் கொடுங்கள்.

சரி, கழுவியாயிற்று. இனிமேல்தான் பெரிய தவறு: அதே இடத்தில், அதே ஈரத்தோடு செயினுக்கு லூப், அதாவது மசகு எண்ணெய் ஸ்ப்ரே, அடிப்பது. கழுவ ஓட்டமும் ஈரமும் வேண்டும். லூப்புக்குக் காய்ந்த, சமமான, காற்று அடிக்காத இடம் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். துணியால் துடைத்து, பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்துத் தெருவில் இரண்டு ரவுண்டு போய் வந்தால் செயின் காய்ந்து கொஞ்சம் சூடும் ஏறியிருக்கும். அப்புறம் சுவரோரமாக நிறுத்திக்கொள்ளுங்கள். காற்றடிக்கிற இடத்தில் ஸ்ப்ரே செய்தால் பாதி டயரில்தான் படியும், அடுத்த வளைவில் அது தன் வேலையைக் காட்டும். செயினுக்குப் பின்னால் ஓர் அட்டையைச் செருகி, கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கமாக அடியுங்கள். சக்கரம் சுற்றும்போது லூப் தானாக வெளியே பரவிக்கொள்ளும்.

சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி ஸ்ப்ராக்கெட் என்கிற பல்சக்கரத்தில் மாட்டினால் விரலும் கூடவே போகும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால் நியூட்ரலில் ஓரடி ஓரடியாகத் தள்ளித் தள்ளி அடிக்கலாம். அதற்கு வண்டிக்கு முன்னால் பத்தடி இடம் விட்டு நிறுத்துங்கள்.

பல வண்டிகளின் கையேட்டில் 500 கிலோமீட்டரை ஒட்டி ஒருமுறை செயினைக் கவனிக்கச் சொல்லியிருக்கும். தினமும் வேலைக்கு ஓட்டுகிறவருக்கு மாதம் ஒன்றிரண்டு முறை வரும். எனக்கு இப்போது அது ராத்திரி வேலை. லூப் அடித்துவிட்டு அப்படியே விட்டால் விடிவதற்குள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அடியில் மறக்காமல் ஒரு செய்தித்தாளை விரித்துவிடுவேன். வாசலில் எண்ணெய் சொட்டிய இடத்தில் கோலமாவு சரியாக ஒட்டுவதில்லை என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த பழக்கம் அது.