இரும்பிலிருந்து இரண்டு எலக்ட்ரானை எடுத்தால் என்ன மிஞ்சும்? ஆர்பிட்டால் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூரில் மாலை டியூஷன் எடுக்கிறேன். பதினோராம் வகுப்பு வேதியியலில் இரண்டாம் பாடம் வந்தால், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இரும்பு 2+ அயனியில் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு மாணவியின் நோட்டைப் பார்த்தேன். இரும்பின் அணு எண் 26, இரண்டு எலக்ட்ரான் போனால் மீதி 24. அதுவரை சரி. அப்புறம் அந்த 24-ஐ முதலிலிருந்து மறுபடி நிரப்பி, 3டி⁴ 4எஸ்² என்று முடித்திருந்தாள். (3டி, 4எஸ் என்பவை ஆர்பிட்டால் வகைகள், அதாவது எலக்ட்ரானைக் காணும் வாய்ப்புள்ள இடங்கள்; மேலே உள்ள சிறு எண், அங்கே எத்தனை எலக்ட்ரான் என்பது.) பக்கத்தில் இருந்த பையன், "24-னா குரோமியம்தானே சார்?" என்று 3டி⁵ 4எஸ்¹ போட்டிருந்தான். இரண்டுமே தவறு. விடை 3டி⁶, 4எஸ் காலி.

நிரப்புகிற வரிசை வேறு, எடுக்கிற வரிசை வேறு. முதன்மைக் குவாண்டம் எண்ணையும் (முன்னால் நிற்கும் கூட்டின் எண்) கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் (எஸ்-க்கு 0, டி-க்கு 2) கூட்டினால் 4எஸ்-க்கு 4, 3டி-க்கு 5. அதனால் 4எஸ் முதலில் நிரம்புகிறது. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் ஆற்றலில் கீழே இருப்பதும் அதுதான். ஆனால் ஸ்காண்டியத்திலிருந்து உட்கருவின் இழுப்பு கூடக்கூட 3டி கீழே இறங்கிவிடுகிறது. வெளிக்கூட்டில் நிற்பது 4எஸ். அயனியாகும்போது அதிலிருந்துதான் முதலில் போகும். குரோமியத்துக்கும் இரும்பு 2+ அயனிக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும், அங்கே புரோட்டான் 24, இங்கே 26. பிடி ஒன்றல்ல, அமைப்பும் ஒன்றல்ல.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மாணவியின் விடைதான். 3டி⁴ 4எஸ்²-லும் இணையாத (ஜோடி சேராத) எலக்ட்ரான் நான்கு, 3டி⁶-லும் நான்கு. இணையாத எலக்ட்ரானை வைத்துக் கணக்கிடும் காந்தத் திருப்புத்திறனைக் கேட்டால் அவளுக்கும் 4.90 போர் மேக்னட்டான் (அதன் அலகு) சரியாகவே வரும். தவறு தெரியாமலே போய்விடும். 3+ அயனியில்தான் மாட்டுவாள்: அவள் வழியில் 3டி³ 4எஸ்², இணையாதவை மூன்று, உண்மையில் 3டி⁵, ஐந்து. ஆகவே, முதலில் முழு அணுவுக்கு 3டி⁶ 4எஸ்² என்று எழுதுங்கள். பிறகு 4எஸ்-இலிருந்து அடித்துக்கொண்டே வாருங்கள். மறுபடி நிரப்பவே வேண்டாம்.

குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, தாமிரம் 3டி¹⁰ 4எஸ்¹ என்று படித்த கையோடு, பாதி நிரம்பினால் நிலைத்தன்மை என்று கார்பனுக்கும் 2எஸ்¹ 2பி³ எழுதுகிறார்கள். 4எஸ்-க்கும் 3டி-க்கும் இடைவெளி குறைவு, அதனால் அங்கே அது நடக்கிறது. 2எஸ்-க்கும் 2பி-க்கும் இடைவெளி பெரிது. தனித்த கார்பன் அணுவின் அடிநிலை 2எஸ்² 2பி²தான். குரோமியத்துக்குக் கீழே அதே தொகுதியில் இருக்கிற டங்ஸ்டன்கூட 5டி⁴ 6எஸ்² என்றே நிற்கிறது. விதிவிலக்கை விதியாக்கக் கூடாது.

சம ஆற்றலுள்ள ஆர்பிட்டால்களில் முதலில் ஒவ்வொன்றாக நிரப்பு, பிறகே ஜோடி சேர் என்கிற ஹுண்ட் விதியில் பெரிய சிக்கல் இல்லை. நைட்ரஜனுக்கு மூன்று 2பி பெட்டியிலும் ஒவ்வொரு அம்பு, எல்லாம் ஒரே திசையில். ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான்.

படத்தைப் பார்க்கிற விதத்தில்தான் இன்னும் நிறைய குழப்பம். 1எஸ் படத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருக்கும். ஹைட்ரஜனில் எலக்ட்ரான் ஒன்றே ஒன்று. புள்ளி அடர்த்தியாக இருக்கும் இடத்தில் அதைக் காணும் வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். 2பி-யின் எட்டு வடிவத்தை, சிக்குக் கோலத்தில் இழுக்கிற கோடு மாதிரி, எலக்ட்ரான் ஓடும் பாதையாக நினைக்கிறார்கள். போர் 1913-இல் சொன்ன வட்டப்பாதை மனதில் ஒட்டிக்கொண்டதன் விளைவு இது. 1926-இல் ஷ்ரோடிங்கர் கொடுத்தது அலைச் சமன்பாடு. அந்தக் கோடு ஓர் எல்லை. பெரும்பாலும் 90 சதவீத வாய்ப்பு அதற்குள் அடங்கும்படி வரைகிறார்கள்.

2பி-யின் எட்டு வடிவத்தில் இரண்டு பக்கமும் சந்திக்கும் நடுவில் எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு பூஜ்ஜியம். "நடுவுல வாய்ப்பு பூஜ்ஜியம்னா, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் எப்படி சார் போகும்?" என்று ஒருத்தி கேட்டாள். அருமையான கேள்வி. அவள் வீணை கற்கிறவள். தந்தியின் நடுவில் விரலை லேசாக வைத்து மீட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பாதியும் அதிரும், நடுப்புள்ளி அசையாது. மறுநாள் வந்து, "ரெண்டு பக்கமும் ஒரே அதிர்வுதான் சார், எதுவும் தாண்டிப் போகலை" என்றாள்.