கையெழுத்து நாளா, பணியில் சேர்ந்த நாளா: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு அமெரிக்க ராணுவத்திலுள்ள தம்பியின் ஓய்வு விண்ணப்பத்துக்கு வழி தேடினேன். ஓய்வுக்கு வேண்டிய இருபது ஆண்டு நிறையவில்லை என்று அது திரும்பியிருந்தது.

சம்பளச் சீட்டிலோ சேர்ந்த தேதி 2005 மே. தப்பாகப் பதிந்திருப்பார்கள் என்று அவன் யூனிட்டில் திருத்தம் கேட்டான். தேதி சரிதான் என்று பதில் வந்தது. இதுதான் ரொம்பக் குழப்பியது.

அப்புறம் சம்பளச் சீட்டில் அந்தத் தேதி இருந்த கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர் 'டிஐஇஎம்எஸ்' (DIEMS), அதாவது ராணுவத்தில் சேர முதன்முதலில் கையெழுத்திட்ட தேதி; ஒட்டினாற்போல் ஓய்வுத் திட்டத்தின் பெயர். எந்தத் திட்டம் என்று முடிவு செய்ய மட்டுமே அந்தத் தேதி. 2018 ஜனவரி 1இல் புதுத் திட்டம் வந்ததால், அதற்கு முன் கையெழுத்திட்டவர்களுக்கு இந்தத் தேதி முக்கியம். இருபது ஆண்டுக் கணக்கு வேறு.

சேர்க்கை ஒப்பந்தமான டிடி படிவம் 4ஐ வரி வரியாகப் படித்தோம். கையெழுத்திட்டுப் பயிற்சிக்குக் காத்திருக்கும் காலம் சம்பளக் கணக்கில் சேராது, கட்டாயச் சேவைக் கணக்கில் மட்டும் சேரும் என்று அதிலேயே இருக்கிறது. தம்பி முழுநேரப் பணியில் இறங்கியது 2006 ஜனவரி. அங்கிருந்து இருபது எண்ணி விண்ணப்பித்தான், ஏற்றுக்கொண்டார்கள். அப்பாடா!

ஓய்வு நெருங்குபவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.