அல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கும் மலை நடையும்: கொழும்பிலிருந்து செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்து சுவிற்சர்லாந்துக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பேர்ணிலோ சூரிச்சிலோ லோசானிலோ வாழும் உறவினர் வீட்டுக்கே செல்கின்றன. வந்தவர்களை ஒரு நாளாவது மலைக்கு அழைத்துச் செல்லாமல் அந்த உறவினர்கள் விடுவதில்லை. ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்திலுள்ள எங்கெல்பேர்க்கில் கேபிள் காரில் ஏறி அமர்ந்தால், அரை மணித்தியாலத்தைச் சற்றே தாண்டுவதற்குள் 3000 மீற்றருக்கு மேலே, தித்லிஸ் பனிப்பாறைக்குப் பக்கத்தில் இறங்கி விடலாம். நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவின் உயரமே 2524 மீற்றர்தான். ஏறுவது இவ்வளவு சுலபமாக இருப்பதால், அங்கிருந்து சறுக்கி இறங்குவதும் நடந்து இறங்குவதும் சுலபமாகத்தான் இருக்கும் என்று மனம் தானாகவே முடிவு செய்து விடுகிறது. நம்மவர்கள் அங்கே செய்யும் தவறுகளில் மிகப் பல இந்த முடிவிலிருந்து பிறப்பவை.

முதல் தவறு கொழும்பிலேயே, விமானச் சீட்டைப் பதிவு செய்யும்போது நடந்து விடுகிறது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் புறப்படுவோர் பனிச்சறுக்கையும் மலை நடையையும் ஒரே பயணத்தில் முடித்து விடலாம் என்று எண்ணுகிறார்கள். ஏப்ரல் நடுப்பகுதி உண்மையில் இரண்டுக்கும் பொருந்தாத இடைக்காலம். தாழ்வான சரிவுகளில் பனி நண்பகலுக்குள் கூழாகி விடும். உயரத்து நடைபாதைகளோ யூன் மாதம் வரை, சில இடங்களில் யூலை வரையும்கூட, பனியின் கீழ் கிடக்கும். பல மலைகளில் கேபிள் கார்களும் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கும். பனிச்சறுக்கைக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரையும், நடக்க விரும்புவோருக்கு யூன் இறுதி முதல் ஒக்ரோபர் தொடக்கம் வரையும் ஏற்ற காலம். ஓகஸ்ட் விடுமுறையில் செல்பவர்கள் நடைக்கென்றே திட்டமிடுவது நல்லது. செர்மாற் போன்ற ஓரிரு இடங்களில் கோடையிலும் பனிச்சறுக்கு உண்டென்றாலும், அது பனிப்பாறையின் உச்சியில் பெரும்பாலும் காலை வேளையில் நடப்பது, ஏற்கனவே பழகியவர்களுக்கானது.

அடுத்தது அவசரம். கடல் மட்டத்திலேயே வாழ்ந்து பழகிய உடம்புடன் விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே 3454 மீற்றர் உயரமான யுங்ஃபிரௌயோக் நிலையத்துக்குப் போவது, குறிப்பாக வயோதிபர்களுக்கும் இதய நோயுள்ளவர்களுக்கும், நல்ல யோசனை அல்ல. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். தலையிடி, குமட்டல், படியேறும்போது மூச்சு வாங்குதல் ஆகியவை வந்தால், "கொஞ்ச நேரத்தில் சரியாகி விடும்" என்று காத்திருக்காமல் அடுத்த வண்டியில் கீழே இறங்குவதே சரியான வைத்தியம். இரண்டு மூன்று நாட்கள் தாழ்வான இடங்களில் சுற்றிய பின் மேலே செல்வோருக்கு இந்தத் தொல்லை குறைவு.

இனிப் பனிச்சறுக்கு. இங்கே மிகப் பெரிய தவறு அன்பினால் நடக்கிறது. சுவிஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடசாலைக் காலத்திலேயே பனிச்சறுக்கு முகாம்கள் இருப்பதால், பலர் சிறு வயதிலேயே நன்றாகச் சறுக்கப் பழகி விடுகிறார்கள். அப்படிப் பழகிய மருமகன், "ஒண்டுமில்லை மாமி, எனக்குப் பின்னால மெதுவா வாங்கோ" என்று சொல்லித் தன் மாமியை முதல் நாளே கேபிள் காரின் கடைசி நிலையம் வரை கூட்டிச் சென்று விடுவார். அங்கிருந்து கீழே வரும் பாதை சிவப்புக் குறியிட்ட, புதியவர்களுக்குக் கடினமான பாதையாக இருக்கும். நிற்கத் தெரியாமல், திரும்பத் தெரியாமல், சரிவின் நடுவில் இருந்தபடி அழுகின்ற பெரியவர்களை எந்த மலையிலும் காணலாம். நன்றாகச் சறுக்குவது வேறு, கற்பிப்பது வேறு. முதல் நாள் முழு மலைக்குமான அனுமதிச் சீட்டை வாங்காமல், பள்ளத்தாக்கின் அடியில் நகரும் கம்பளம் பொருத்திய பயிற்சித் திடலில், பனிச்சறுக்குப் பாடசாலையின் பயிற்றுநரிடம் காலைப் பொழுதைக் கழிப்பது பணத்தையும் முழங்காலையும் காப்பாற்றும். எப்படியோ கடினமான சரிவில் மாட்டிக்கொண்டவர், சறுக்குப் பலகைகளைக் கழற்றிப் பாதையின் ஓரத்தால் நடந்து மேல் நிலையத்துக்கே திரும்பி, கேபிள் காரில் கீழே வரலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நிறங்களைப் பற்றித் தெளிவு வேண்டும். சுவிற்சர்லாந்திலும் ஒஸ்ரியாவிலும் சறுக்குப் பாதைகள் நீலம், சிவப்பு, கறுப்பு என மூன்று வகைப்படும். நீலப் பாதையின் சரிவு, சிறு பகுதிகள் தவிர, நூற்றுக்கு 25 வீதத்துக்கு உட்பட்டது. சிவப்பு 40 வீதம் வரை போகும். அதற்கு மேல் கறுப்பு. பிரான்சில் இவற்றுக்குக் கீழே பச்சை என்று இன்னொரு வகை உண்டு. கனடாவிலோ பச்சை இலகு, நீலம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம் என்பதே முறை. சிவப்பு அங்கே கிடையாது. ரொறொன்ரோவிலுள்ள அண்ணாவின் ஆலோசனையைக் கேட்டுக்கொண்டு அல்ப்ஸ் செல்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். சுவிஸில் மஞ்சள் குறியிட்ட பாதையையும் இலகுவானது என்று எண்ணி விடக் கூடாது: அது பனிச்சரிவு (பனித்திரள் திடீரென உடைந்து சரிந்து வருதல்) ஆபத்துக்கு எதிராக மட்டும் பாதுகாக்கப்பட்டது, இயந்திரத்தால் சீர்செய்யப்படாதது, மாலையில் சறுக்குப் பாதைக் காவலர்கள் வந்து பார்க்காதது. அத்துடன், நிறம் சரிவின் அளவைச் சொல்லுமே தவிர அன்றைய பனியின் நிலையைச் சொல்லாது. காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிபோல் இறுகியிருக்கும் அதே நீலப் பாதை, மாலை நான்கு மணிக்கு மேடும் பள்ளமுமான ஈரக் குவியலாகி, களைத்த கால்களுக்குச் சிவப்பை விடக் கடினமாகி விடும்.

வாடகைக் கடையில் நடக்கும் ஒரு தவறு வெளியில் தெரிவதில்லை. சப்பாத்தைப் பலகையுடன் பிணைக்கும் பூட்டு, விழும்போது தானாகக் கழன்று காலை விடுவிக்க வேண்டும். எந்த அளவு விசைக்கு அது கழல வேண்டும் என்பதை, வாடிக்கையாளரின் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றை வைத்துக் கடைக்காரர் ஒரு சிறிய திருகாணியால் அமைக்கிறார். நிறையைக் கூச்சத்தால் குறைத்துச் சொன்னால் பூட்டு தேவையில்லாத நேரத்தில் கழலும்; திறமையைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் முறுகும். அந்தப் படிவத்தில் உண்மையை மட்டுமே எழுத வேண்டும். குளிருக்கென்று இரண்டு சோடி காலுறை அணிவதும் நம்மவர்களின் வழக்கம். சப்பாத்துக்குள் இறுக்கம் கூடி இரத்த ஓட்டம் குறைவதால் விரல்கள் இன்னும் அதிகமாகக் குளிரும். முழங்கால் வரை வரும் மெல்லிய காலுறை ஒன்றே போதும்.

சரிவில் முன்னால் செல்பவருக்கே முன்னுரிமை. பின்னால், அதாவது மேலிருந்து வருபவர்தான் மோதாமல் விலகிச் செல்லப் பொறுப்பானவர். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் பத்து நடத்தை விதிகளில் இது அடங்கும். ஒடுங்கிய இடத்திலும், மேலிருந்து வருவோருக்குத் தெரியாத மேட்டின் கீழும் நிற்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. குடும்பமாக நின்று படம் எடுக்க நம்மவர்கள் தெரிவு செய்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட வளைவுகளையே.

மாலைக் காவலர்களின் கடைசிச் சுற்றுக்குப் பின் பாதைகள் மூடப்படும். மூடிய பாதையில் ஆளில்லை, அமைதியாக இறங்கலாம் என்று எண்ணுவது உயிராபத்தானது. செங்குத்தான சரிவுகளைச் சீர்செய்யும் இயந்திரங்கள் மேலே ஒரு நங்கூரத்தில் பிணைத்த, ஒரு கிலோமீற்றர் வரையும் நீளக்கூடிய உருக்கு வடத்தில் தொங்கியபடி வேலை செய்கின்றன. பனியில் புதைந்து கிடக்கும் அந்த வடம் ஒரு நொடியில் இறுகி மேலெழும். இருளில் அதைக் கண்டு விலக எவராலும் முடியாது.

குறியிட்ட பாதைக்கு வெளியே, யாருடைய தடமும் படாத வெண்பனியில் கால் வைப்பதை வழிகாட்டி இல்லாமல் செய்யவே கூடாது. பனிச்சரிவு ஆபத்து 1 முதல் 5 வரை அளவிடப்படுகிறது. டாவோஸிலுள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று வாசிப்பது பலரின் பிழை. உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த மூன்றாம் நிலையிலேயே நிகழ்கிறது. முன்னே ஒருவர் போன தடம் இருப்பதும் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

சறுக்காமல் பனியைப் பார்க்க மட்டும் விரும்புவோருக்குச் சுவிஸில் இளஞ்சிவப்புப் பலகைகளால் குறியிட்ட குளிர்கால நடைபாதைகள் உண்டு. அவற்றை விட்டுச் சறுக்குப் பாதையின் குறுக்கே நடக்கவோ, சறுக்குவண்டியில் பிள்ளைகளை இருத்தி அந்தப் பாதையில் விடவோ கூடாது. சறுக்குவண்டிக்கும் தனிப் பாதைகள் இருக்கின்றன.

கோடை நடைக்கு வருவோம். சுவிற்சர்லாந்தில் ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் நடைபாதைகள் பலகையிடப்பட்டுள்ளன. முழு மஞ்சள் பலகை சாதாரண நடைக்கானது. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை மலைப்பாதையைக் குறிக்கும்: ஒடுங்கியது, சில இடங்களில் ஒரு பக்கம் பள்ளம், உறுதியான சப்பாத்தும் தலைசுற்றாத மனமும் தேவை. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பாறையில் கைபிடித்து ஏறுவதும் பனித்திட்டைக் கடப்பதும் அதில் அடங்கும். சுற்றுலாவுக்கு வந்த குடும்பம் அந்த நிறத்தைக் கண்டால் திரும்பி விட வேண்டும். ஒரே பலகைக் கம்பத்தில் இரண்டு நிறங்கள் இருப்பதும், தொடக்கத்தில் மஞ்சளாக இருக்கும் வழி ஒரு சந்தியில் சிவப்புப் பட்டையாக மாறுவதும் சாதாரணம். ஆகவே ஒவ்வொரு சந்தியிலும் நின்று பலகையை வாசிக்க வேண்டும்.

அந்தப் பலகைகளில் எழுதப்படுவது தூரம் அல்ல, நேரம். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் நடக்கும் ஒருவரைக் கொண்டு, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து அது கணக்கிடப்படுகிறது. ஓய்வு நேரம் அதில் இல்லை. காலி வீதியில் பேருந்துத் தரிப்பிடம் வரை நடப்பதே அன்றாட நடையாக உள்ள ஒரு குடும்பம், சிறுவர்களுடனும் பெரியவர்களுடனும் படம் எடுத்துக்கொண்டு போகும்போது, இரண்டு மணித்தியாலம் என்று எழுதியிருப்பதை மூன்றாகவே எண்ண வேண்டும். அப்படி எண்ணிய பின், கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதை நிலையத்தில் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த நேரத்தில் எங்கிருந்தாலும் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கடைசி வண்டியைத் தவற விட்டால் ஆயிரம் மீற்றர் உயரத்தை முழங்கால் நோக நடந்தே இறங்க நேரிடும். சிவனொளிபாத மலைக்குப் போய் வந்தவர்களுக்கு மறுநாள் முழங்கால் என்ன பாடுபடும் என்பது தெரியும்; யாத்திரைக் காலத்தில் அங்கே படியும் விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும், அல்ப்ஸ் மலைப்பாதையில் இவை எதுவும் இராது.

யூலை, ஓகஸ்ட் பிற்பகல்களில் இடிமழை வருவது, நமது மார்ச், ஏப்ரல் பிற்பகல்களைப் போலவே, வழக்கமான ஒன்று. காலை வானம் தெளிவாக இருந்தது என்பதை நம்பாமல், நண்பகலுக்குள் உயர்ந்த பகுதியைக் கடந்து இறங்கத் தொடங்க வேண்டும். மின்னும்போது முகட்டிலும் இரும்புக் கயிறு கட்டிய பகுதியிலும் இருப்பதே மிக ஆபத்து. உயரம் ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். இன்டர்லாக்கனில் 25 பாகையாக உள்ள நாளில், கிறின்டல்வால்டுக்கு மேலே 2265 மீற்றரிலுள்ள பாக்கல்ப்சே ஏரிக்கரையில் 14 பாகையளவே இருக்கும், காற்று வீசினால் இன்னும் குளிரும். பருத்தி உடுப்பும் ஜீன்சும் நனைந்தால் உலராமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேற்சட்டை என்பதே சரி. சேலையுடனும் செருப்புடனும் பனியில் இறங்கும் பெரியவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது; காட்சிக்கூடத்தின் கண்ணாடிக்குள் இருப்பதென்றால் பரவாயில்லை, வெளியே ஓரடி வைப்பதற்கும் பிடிப்புள்ள சப்பாத்து அவசியம்.

கறுத்த தோலுக்கு வெயில் சுடாது என்பதும் தவறு. உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிர்கள் கூடும். புதுப்பனி அவற்றில் 80 வீதம் வரை திருப்பி எறியும். கண்ணுக்குத் தகுந்த கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சில மணித்தியாலம் பனியில் நின்றால், அன்றிரவு மணல் விழுந்தது போல் கண் எரிந்து திறக்க முடியாமல் போகும்.

பசுவைத் தொட்டுக் கும்பிடும் பழக்கமுள்ள நமக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மலை மேய்ச்சல் நிலங்களில் கன்றுடன் நிற்கும் பசுக்கள் கன்றைக் காக்கப் பாயும். கன்றைத் தடவவோ, பசுவுக்கும் கன்றுக்கும் இடையே புகுந்து படம் எடுக்கவோ கூடாது. தூர விலகி, அமைதியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். திறந்த வேலிக் கதவை மீண்டும் மூட வேண்டும்.

ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்புறுதி எல்லாவற்றையும் தாங்கும் என்று எண்ணிப் பலர் நிம்மதியாகி விடுகிறார்கள். பனிச்சறுக்கு விபத்தும் மலை மீட்பும் பல காப்புறுதிகளில் விலக்கப்பட்டிருக்கும் அல்லது மேலதிகக் கட்டணத்துக்கே கிடைக்கும். கொழும்பில் கையொப்பமிடும் முன்பே கேட்டு, எழுத்தில் பெற வேண்டும். உலங்குவானூர்தி மீட்புக்குப் பல ஆயிரம் பிராங் செலவாகலாம்.

சுவிஸில் மலை மீட்புக்கு 1414, அம்புலன்ஸுக்கு 144, ஐரோப்பா எங்கும் 112. இவற்றைத் தொலைபேசியில் பதிவதுடன், குளிரில் மின்கலம் விரைவில் இறங்கி விடுமாதலால் தொலைபேசியை உட்சட்டைப் பையில் வைக்க வேண்டும். தொடர்பு கிடைக்காத இடத்தில் ஊதுகுழலாலோ மின்சூளாலோ நிமிடத்துக்கு ஆறு முறை சைகை கொடுத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் யாரோ அறிந்து விட்டார்கள் என்று பொருள். உலங்குவானூர்தி மேலே வந்ததும், உதவி தேவையென்றால் இரு கைகளையும் விரித்து மேலே உயர்த்த வேண்டும். தேவையில்லையென்றால் ஒரு கையை மேலேயும் மறு கையைக் கீழேயும் சரிவாக நீட்ட வேண்டும். படம் எடுக்கும் ஆசையில் இரு கைகளையும் உயர்த்தி அசைத்தால், விமானி அதை உதவிக் குரலாகவே எடுத்துக்கொண்டு இறங்குவார்.