டாப்ளர் திருத்தத்தில் கோட்டை விடுபவர்களுக்கு

கேலிபரேஷனைச் சரிபார், பின்னணியைக் கழி என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. ஒவ்வொரு புதுத் தொகுதி மாணவர்களும் வந்து விழுகிற, ஒரு காலத்தில் நாங்களும் விழுந்த குழிகள் வேறு. நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்கள் பீமில் (துகள் கற்றையில்) பறக்கும்போதே உமிழும் காமா கதிர்களை அளக்கும் சோதனைகளைத்தான் சொல்கிறேன். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில், 186 சோடியம் அயோடைடு டிடெக்டர்கள் கொண்ட டாலி-2 என்ற காமா டிடெக்டர் தொகுப்பை வைத்துச் செய்வது இந்த வகை.

ஆயுளை மறப்பது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அணுக்கரு ஒளிவேகத்தில் 60 சதவீதத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். அது உமிழும் 1000 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா, முன்பக்கம் 30 பாகையில் உள்ள டிடெக்டரில் 1665 ஆகவும் பின்பக்கம் 150 பாகையில் 526 ஆகவும் பதிவாகும். இரண்டையும் 1000-க்குக் கொண்டுவருவதுதான் டாப்ளர் திருத்தம்; அதற்கு, உமிழ்ந்த கணத்தின் வேகமும் இடமும் தெரிய வேண்டும். பலரும் பீம் மோதும் டார்கெட்டின் நடுப்புள்ளியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கிளர்வு நிலையின் ஆயுள் ஒரு பிகோ வினாடி என்றால் சரி, பரவாயில்லை. 50 என்றால், கால நீட்சியையும் சேர்த்து, உமிழ்வதற்குள் சராசரியாக 11 மில்லிமீட்டர் போய்விடும். டார்கெட்டைத் தாண்டிய இடத்தில் வேகம் குறைவு, டிடெக்டருக்கான கோணம் அதிகம். முன்பக்கத்தில் இந்த இரண்டும் சேர்ந்து பீக்கைக் கீழே இழுக்கும். இடப்பக்கம் ஒரு வால் முளைக்கும்.

ஒரு மாணவர் அந்த வாலுக்கு இன்னொரு காஸியனை (மணி வடிவ வளைவை) பொருத்தி, புதிய நிலை என்று படமே வரைந்துவிட்டார். கருத்தரங்குக்குச் சுருக்கமும் போய்விட்டது. முன்பக்க, பின்பக்க டிடெக்டர்களைத் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பின்பக்கத்தில் 'புதிய நிலை'யைக் காணோம். திருத்தத்துக்குப் பின் உண்மையான கோடு எந்தக் கோணத்திலும் அதே இடத்தில் நிற்கும். சுருக்கத்தை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

இது சின்ன விஷயமில்லை. நிக்கல்-78-இல் 2600 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் முதல் 2+ நிலையும் (எண் சுழற்சியைச் சொல்வது, + சமநிலைக் குறி), 2910-இல் இரண்டாவது 2+ நிலையும் இருப்பதாக 2019-இல் அறிவித்தார்கள். முதலாவது அந்த அணுக்கரு இரட்டை மாய எண் கொண்டது, அதாவது புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூடுகளும் நிரம்பியது என்பதற்குச் சான்று. இரண்டாவதை வைத்து, உருக்குலைந்த இன்னொரு வடிவமும் அருகிலேயே இருக்கிறது என்று வாதிடுகிறார்கள். இரண்டாவது பீக்குக்கு அவ்வளவு எடை.

அதனால் பல ஆயுள்களுக்கு ஜியன்ட்4 என்ற மென்பொருளில் சிமுலேஷன் ஓட்டி, ஆற்றலையும் ஆயுளையும் ஒருசேரப் பொருத்துங்கள். வாலின் வடிவம் ஆயுளையே சொல்லிவிடும்.

511, 1461

511 பாசிட்ரான் அழிவிலிருந்தும், 1461 பொட்டாசியம்-40-இலிருந்தும் வரும் கோடுகள்; இரண்டும் ஆய்வகத்தில் அசையாமல் நிற்கும் மூலங்கள். திருத்தாத ஸ்பெக்ட்ரத்தில் தேடுங்கள்.

மேலிருந்து வந்த வரவு

4+ நிலையிலிருந்து இறங்கி 2+ நிலைக்கு வந்ததை, நேரடியாக 2+ நிலையே உருவானதாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஆட்-பேக் பேராசை

காம்ப்டன் சிதறலில் பக்கத்து டிடெக்டருக்குப் போன ஆற்றலை மீட்பதற்குத்தான் ஆட்-பேக். எவ்வளவு தூரத்துக்குள் உள்ள டிடெக்டர்களைக் கூட்டுவது என்ற ஆரத்தை இஷ்டத்துக்குப் பெருக்கினால், அடுத்தடுத்து வந்த இரண்டு வேறு காமாக்களும் ஒன்றாகிவிடும். தெரிந்த இரண்டு கோடுகளின் கூட்டுத்தொகையில் அச்சாக ஒரு பீக் நின்றால், கட்டுரை எழுத உட்காரும் முன் ஆரத்தைக் குறைத்துப் பாருங்கள்.